சாட்சியற்ற ஊசி

ஒரு மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். மாலைதோறும் உடற்பயிற்சிக் கூடம் செல்பவர். எடை தூக்கும் போட்டிக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருப்பவர். சற்றே தயங்கி நின்றபின் கேட்டார்:

"ஹஜ்ரத், இன்சுலின் நம் உடம்பிலேயே ஊறுகிற பொருள்தானே? அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது என்று சொல்கிறார்கள். மெய்தானா?"

இத்தகைய வினாவோடு அவர் என்னை நாடியதற்குக் காரணம் உண்டு. எங்கள் உம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் நான்தான் இன்சுலின் ஊசி போட்டு வருகிறேன். அது தெருவில் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் நானோ வரலாறு பயின்ற கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். ஆகவே உடனே விடை கூறாமல் தவணை கேட்டேன். அதன்பின் சில வாரங்கள் படித்தும், மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் இல்லங்களில் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் முட்டைக்கும் பாலுக்கும் அருகே இருக்கும் பொருளைப் பற்றியதாதலின், இதனை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

பிராட்ஃபோர்டு நகரக் குளியலறை

இன்சுலின் தடயம் விடாது என்ற நம்பிக்கை பழமையானது. 1957ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கென்னத் பார்லோ என்ற ஆண் செவிலியர், தம் மனைவி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துவிட்டதாக அறிவித்தார். வந்து பார்த்தவர்கள் ஐயுற்றனர். இறந்த பெண்ணின் கண்மணிகள் இயல்புக்கு மாறாக விரிந்திருந்தன. நஞ்சு ஏதும் அகப்படவில்லை. மருத்துவர்கள் உருப்பெருக்காடியைக் கொண்டு உடல் முழுவதையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தனர். அம்மையாரின் தோலில் இயற்கையாகவே நிறையப் புள்ளிகள் இருந்தமையால் எளிதில் தென்படாத ஊசித் துளைகள், பிட்டப் பகுதியில் கடைசியாகக் காணப்பட்டன.

அக்காலத்தில் சதையினுள் இருக்கும் இன்சுலினை நேரடியாக அளந்து காட்டும் வழி கைவசம் இல்லை. துளையைச் சுற்றியுள்ள சதையின் சாற்றை எடுத்து எலிகளுக்குச் செலுத்தினர். எலிகள் நடுங்கின, வலிப்புக் கண்டன, நினைவிழந்து மாண்டன. வேறு எலிகளுக்கு இன்சுலினைச் செலுத்தியபோதும் அதே விளைவுதான். சதையில் 84 யூனிட் அளவு இன்சுலின் எஞ்சியிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. இன்சுலினால் கொன்றால் எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று பார்லோ முன்பே தம்மோடு பணிபுரிந்தோரிடம் பேசியிருந்ததும் வழக்கில் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பார்லோ பிடிபட்டதற்குக் காரணம், ஊசி ஏறிய சில மணி நேரத்தில் அப்பெண் இறந்து, மருந்து சதையிலேயே தங்கிவிட்டதுதான். ஓடியாடும் விளையாட்டு வீரரின் சதையை வெட்டியெடுக்க இயலாது. அவரிடமிருந்து கிடைப்பது ஒரு குப்பி சிறுநீரும் சிறிது இரத்தமும் மட்டுமே. இரத்தத்தில் கலந்த இன்சுலினோ ஐந்து நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அதில் மிகச் சொற்பமான பங்கே சிறுநீரில் வந்து சேரும். கொலையைக் காட்டிலும் ஊக்க மருந்துக் களவைக் கண்டறிவது கடினமானது இதனால்தான்.

நாகானோவில் ஒரு கேள்வி

நோயற்ற வீரருக்கு இன்சுலின் எதற்கு? உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்திக் கிளைகோஜன் என்ற சேமிப்பாக வைக்க உதவுவது இன்சுலின். கடும் பயிற்சிக்குப் பின் தசைப் புரதம் சிதைவதையும் அது தடுக்கிறது. ஸ்டீராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் எடுத்துக்கொள்வோர் அவற்றோடு இதனையும் சேர்த்துக்கொள்கின்றனர். கட்டுவது ஒன்று, கரையாமல் காப்பது மற்றொன்று என்பது அவர்கள் கணக்கு. ஆரோக்கியமான உடலுக்கு இதனால் உண்மையில் எவ்வளவு பயன் விளைகிறது என்பதே விவாதத்துக்குரியது. ஆயினும் பயனில் உறுதியில்லை என்பதற்காக ஆசை அடங்குவதில்லையே!

1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றபோது, ரஷ்ய மருத்துவ அதிகாரி ஒருவர் ஒரு விளக்கம் கேட்டார். இன்சுலினை நீரிழிவு நோயாளர் மட்டும்தான் பயன்படுத்தலாமா, பிறரும் பயன்படுத்தலாமா என்பதே அவ்வினா. வினவப்பட்ட விதமே அதிகாரிகளை விழிப்படையச் செய்தது. அவ்வாண்டிலேயே பன்னாட்டு ஒலிம்பிக் குழு இன்சுலினைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் உருவாகி மான்ட்ரீல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் அத்தடையைத் தொடர்ந்து வருகிறது.

தடை விதித்தாயிற்று, பிடிப்பது எங்ஙனம்? இதற்கு டுவெய்ன் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஓட்ட வீரரின் வரலாறு நல்ல சான்று. 2003 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட இவரது சிறுநீரில் டி.எச்.ஜி. என்ற, அதுவரை எவரும் அறியாத ஸ்டீராய்டு காணப்பட்டது. அதுவும் எவ்வாறு? பெயர் கூறாத பயிற்சியாளர் ஒருவர் அம்மருந்தின் மிச்சம் ஒட்டிய ஊசிக்குழல் ஒன்றை அமெரிக்க அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தார். லாஸ் ஏஞ்செல்ஸ் ஆய்வுக்கூடத்தில் டான் காட்லின் குழுவினர் அதனை இனம் கண்டு, தேடும் முறையையும் வகுத்தனர். சேம்பர்ஸ் இரண்டாண்டுத் தடை பெற்றார். ஐந்தாண்டு கழித்து, 2008இல், அவருக்கு மருந்து வழங்கிய கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனத் தலைவர் விக்டர் கான்டே ஒரு கடிதத்தில் உண்மையை விவரித்தார். கொடுக்கப்பட்ட பொருள்கள் ஏழு: டி.எச்.ஜி., டெஸ்டோஸ்டிரோன் களிம்பு, இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், மொடாஃபினில், தைராய்டு ஹார்மோன். ஏழில் சிறுநீர் காட்டிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. இன்சுலின் வெளிவந்தது சோதனைக் குழாயினால் அன்று, கொடுத்தவரின் பேனாவினால்.

இம்மட்டில் என் மாணவர் கேட்டுவந்த பேச்சு உண்மையாகத்தான் தோன்றும். ஆனால் கதை இங்கு நிற்கவில்லை.

ஐம்பத்தொரு மணிகள்

இன்சுலின் ஒரு சிறு புரதம். 51 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த இரு சரங்கள். ஒன்றில் 21, மற்றொன்றில் 30. கோத்த ஒழுங்கைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃப்ரெடெரிக் சாங்கர் கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்றார்.

1922இல் டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட நாள்தொட்டு ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம், உலகம் பயன்படுத்தியது மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் பிரித்த இன்சுலினையே. நம் பெரியோர்களில் பலர் மனக்கலக்கத்தோடு ஆலிம்களை அணுகியதையும், உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் ஆகும் என்று ஆலிம்கள் பலர் விளக்கமளித்ததையும் மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு மணிதான்; நீண்ட சரத்தின் இறுதி மணி. 1978இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினின் மரபுக் குறிப்பை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக்கொண்டே இன்சுலினை உண்டாக்கினர். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. நம் இல்லங்களில் அது எத்துணைப் பெரிய நிம்மதியைத் தந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிம்மதியில்தான் களவாடுவோருக்கும் வாசல் திறந்தது. விலங்கின் இன்சுலினை ஏற்றியிருந்தால் அந்த ஒற்றை மணி காட்டிக்கொடுத்திருக்கும். மனித இன்சுலினோ உடலில் ஊறுவதிலிருந்து ஒரு மணி கூட வேறுபடாதது.

பின்னர் மருத்துவ உலகம் இன்னொரு படி முன்னேறியது. உணவு உண்டவுடன் விரைந்து செயல்படவும், நாள் முழுவதும் சீராக நின்று செயல்படவும் வேண்டி, மணிகளை வேண்டுமென்றே மாற்றிக் கோத்தனர். 1996இல் சந்தைக்கு வந்த லிஸ்ப்ரோ இன்சுலினில் நீண்ட சரத்தின் 28, 29ஆம் மணிகள் இடம் மாறியிருக்கும். ஆஸ்பார்ட் இன்சுலினில் 28ஆம் மணிக்குப் பதிலாக வேறொரு மணி. கிளார்ஜின் இன்சுலினில் குறுஞ்சரத்தின் கடைசி மணி மாற்றப்பட்டு, நீண்ட சரத்தின் முடிவில் இரண்டு மணிகள் கூடுதலாகக் கோக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் நோயாளரின் நலத்துக்காகச் செய்யப்பட்டவை. மனித உடல் எதுவும் இவற்றை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே வீரரின் சிறுநீரில் இவற்றுள் ஒன்று இருந்தால் வெளியிலிருந்து வந்ததன்றி வேறில்லை.

எடையும் ஒழுங்கும்

இருப்பதை அறிவது எப்படி? ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு பைகோகிராம். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் அத்தகைய கூறுகள் சில பத்து மட்டுமே இருக்கும்போது தேட வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகர விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் மரியோ தெவிஸ், வில்ஹெல்ம் ஷேன்ஸர் முதலியோர் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இதற்கான வழிமுறையை வெளியிட்டனர். முதலில் இரத்தத்துக்கு, பின்னர் சிறுநீருக்கு.

முதற்படி, பொறுக்கியெடுத்தல். இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைத் தூண்டில் போல் இட்டு, சிறுநீரில் உள்ள ஆயிரக்கணக்கான பிற பொருள்களிலிருந்து இன்சுலின் வகைகளை மட்டும் பிரித்தெடுக்கின்றனர். இப்போது காந்தத்துக்கு ஒட்டும் நுண்மணிகளின் மேல் அந்த எதிர்ப்பொருளைப் பூசி, பின்பு காந்தத்தால் இழுத்துக்கொள்வதும் உண்டு. அடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி மூலக்கூறின் எடையைக் காண்கிறது. ஆஸ்பார்ட், கிளார்ஜின் ஆகியவற்றின் எடை மனித இன்சுலினின் எடையிலிருந்து வேறுபடுவதால் அகப்பட்டுவிடும்.

லிஸ்ப்ரோ மட்டும் எடையில் அகப்படாது. அதில் மணிகள் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியிருக்கிறது. "கதவு", "தகவு" என்ற இரு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். அதே மூன்று எழுத்துகள். எழுத்து அச்சுகளைத் தராசில் இட்டால் இரண்டும் ஒரே எடைதான். வாசித்தால்தான் ஒன்று வாயில், மற்றொன்று தகுதி என்று விளங்கும். லிஸ்ப்ரோவை வாசிப்பதற்கு அதை உடைக்கின்றனர். கருவியினுள் வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டால் மூலக்கூறு துண்டு துண்டாகிறது. சரத்தின் கடைப்பகுதித் துண்டுகளை எடை பார்க்கும்போது, எந்த மணிக்கு அப்பால் எந்த மணி என்பது வெளிப்பட்டுவிடுகிறது. இப்பகுதியைப் படித்தபோது நான் வியந்துபோனேன். ஓர் எழுத்து இடம் மாறினாலும் ஓதுபவரை நிறுத்தித் திருத்துகிற பழக்கமுள்ள எங்களைப் போன்றோருக்கு இது எளிதில் மனத்தில் பதிகிறது.

துணை வராத இன்சுலின்

எஞ்சியிருப்பது மனித இன்சுலின். உடலில் ஊறுவதும் குப்பியில் இருப்பதும் ஒன்றே எனில், எடையாலும் ஒழுங்காலும் பிரிக்க முடியாது. ஆயினும் இயற்கை உடலுக்குள் ஓர் அடையாளத்தை வைத்திருக்கிறது. 1967இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் கண்டறிந்தபடி, கணையம் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. முதலில் புரோஇன்சுலின் என்ற ஒரே நீண்ட சரத்தைச் செய்து, பின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கிறது. வெட்டப்பட்ட அந்த 31 மணித் துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே இரத்தத்தில் இறங்குகின்றன. மருந்துக் குப்பியிலோ துண்டு நீக்கப்பட்ட இன்சுலின் மட்டுமே உண்டு. எனவே ஒருவர் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தும் சி-பெப்டைடு தாழ்ந்தும் இருப்பின், அந்த இன்சுலின் அவருடைய கணையத்திலிருந்து வந்ததன்று. காரணம் விளங்காமல் சர்க்கரை தாழ்ந்து மயங்கி வரும் நோயாளரிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனையே இது.

விளையாட்டுக் களத்தில் இது அத்துணை எளிதன்று. இன்சுலின் சில நிமிடங்களில் மறைய, சி-பெப்டைடு அரை மணி நேரத்தில்தான் பாதியாகக் குறைகிறது. இரண்டும் சிறுநீரில் இறங்கும் விகிதமும் ஒன்றல்ல. ஊசி போட்டவர் மயக்கம் வராதிருக்க இனிப்புப் பானம் அருந்துவார்; அதனால் அவரது கணையமும் சுரக்கத் தொடங்கிக் கணக்கு குழம்பும். இரத்தம் எடுத்த நேரம் ஒரு மணி முன்பின்னானாலும் விடை மாறிவிடும். ஆகவேதான் ஸ்டீராய்டால் தண்டனை பெற்றோரோடு ஒப்பிட, இன்சுலினால் தண்டனை பெற்றோர் மிகச் சிலராக உள்ளனர்.

இதைக் குறை என்று மட்டும் கருதிவிட வேண்டாம். அமெரிக்காவில் க்ளாஸ் ஃபான் பியூலோ என்ற செல்வந்தர், மனைவிக்கு இன்சுலின் செலுத்திக் கொல்ல முயன்றார் என்று 1982இல் குற்றவாளியாக்கப்பட்டார். ஊசி ஒன்றில் இன்சுலின் படிந்திருந்தது என்பது முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. 1984இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1985இல் நடந்த மறுவிசாரணையில், உடலுக்குள் ஏறி வெளிவரும் ஊசியைத் தோல் துடைத்துவிடும், படிவு எங்ஙனம் நிற்கும் என்று வல்லுநர்கள் வினவினர். அவ்வூசியின் சோதனை முடிவும் ஐயத்துக்குள்ளானது. அவர் விடுதலை பெற்றார். அரைகுறைச் சோதனையை நம்பி ஒருவர் பெயரைக் கெடுப்பதைவிட, ஒரு களவு தப்பிப்போவது தாழ்வில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றியும் தப்பியவர் நிலையாகத் தப்பியவர் அல்லர். 2015ஆம் ஆண்டின் விதிப்படி, எடுத்த மாதிரியைப் பத்தாண்டு வரை குளிரில் வைத்திருந்து, புதிய முறை வந்ததும் மீண்டும் சோதிக்கலாம். மருந்து கையில் இருந்தமை, கடிதம், சாட்சி ஆகியவற்றைக் கொண்டும் தண்டிக்க இடமுண்டு.

அதே ஊசி, வேறு கை

இவ்வளவையும் எழுதி என் மாணவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தபின் அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அப்படியானால் வாசிம் அக்ரம் போட்டுக்கொண்டது?"

பாகிஸ்தானின் அப்பெரும் பந்துவீச்சாளருக்கு 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அதன்பின் இன்சுலினோடுதான் ஆடினார். 1999 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு அணியைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். 2003 உலகக் கோப்பையின்போது ஒரு நாள் ஆட்டங்களில் 500 விக்கெட் வீழ்த்திய முதல் வீரரானார். பிரிட்டிஷ் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கும் அதே 1997இல்தான் நோய் தெரிந்தது. 2000இல் சிட்னியில் தொடர்ந்து ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் 1999இல் நோய்க்குள்ளாகி, 2000இலும் 2004இலும் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். தசை பெருக்குவதற்காக அன்றி, உயிர் தரிப்பதற்காகவே இவர்கள் ஊசி ஏற்றினர். உடல் செய்யத் தவறியதை ஈடுசெய்வதற்கும், செய்து கொண்டிருப்பதன் மேல் திணிப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு.

விதிகளும் அதை ஏற்கின்றன. நீரிழிவுள்ள வீரர் மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்தால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி வழங்கப்படும். நீரிழிவுள்ள வீரர்களை மட்டுமே கொண்ட நோவோ நார்டிஸ்க் மிதிவண்டி அணியினர் இவ்வாறே அனுமதியோடு பந்தயங்களில் கலந்துகொண்டுள்ளனர். ஒளித்துப் போடுபவரிடம் இல்லாதது அந்த ஒரு தாள்.

அவரிடம் இல்லாதது இன்னொன்றும் உண்டு. உம்மாவுக்கு ஊசி போடுமுன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். போட்டபின் உணவு உண்டாரா என்று பார்க்கிறேன். ஒரு நோன்பு மாதத்தில் மருத்துவர் சொன்னதை மீறி அவர் ஸஹருக்கு எழாமலேயே நோன்பு வைத்துவிட்டார். முற்பகலில் வியர்த்து, நாக் குழறி, என்னையே யார் என்று கேட்டார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக் கால் மணி நேரம் கழித்தே தெளிந்தார். மூளை சர்க்கரையையே பெரிதும் நம்பி இயங்குகிறது. அது தாழ்ந்தால் முதலில் நடுக்கம், பிறகு குழப்பம், வலிப்பு, மயக்கம், நீடித்தால் மூளைச் சேதமோ மரணமோ. கடும் பயிற்சி தானாகவே சர்க்கரையைத் தாழ்த்துவது. அதன் மேல் இன்சுலினும் ஏறி, அன்றிரவு அறையில் தனியே உறங்குபவரை யார் எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது? உடலழகுப் பயிற்சியாளர்கள் இவ்வாறு சுயநினைவின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட செய்திகளை மருத்துவ இதழ்கள் வெளியிட்டுள்ளன.

இதைச் சொல்லி முடித்தபோது தம்பி சற்று நேரம் பேசவில்லை. பின் தம் பையிலிருந்து இன்சுலின் பேனா ஒன்றை எடுத்துத் திண்ணையில் வைத்தார். கூடத்தில் ஒருவர் விலைக்குக் கொடுத்ததாம். நல்லவேளையாக இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. பணம் வீணாகிவிட்டதே என்று வருந்தியவர், "இதை எங்கள் நன்னிமாவுக்குப் பயன்படுத்தலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். கூடாது என்றேன். எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, உள்ளிருப்பது எந்த வகை என்று எவருக்கும் தெரியாத மருந்து அது. மஃக்ரிப் முடிந்ததும் இருவருமாக மருந்துக் கடைக்குச் சென்று, ஊசிக் கழிவுகளைப் போடும் பெட்டியில் அதைச் சேர்த்துவிட்டு வந்தோம்.